புளிக்காத ரசம் தந்த பல் டாக்டர்

அமெரிக்காவில் வெல்ச் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு அபூர்வம். கருநீல நிறத் திராட்சைச் சாறு அடைத்த பாட்டிலின் மேல் இருக்கும் பெயர் அது. காலைச் சிற்றுண்டியோடு குழந்தைகள் குடிப்பது. ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் குழந்தைகளுக்காக அந்தச் சாற்றைத் தயாரிக்கவில்லை. அவர் வியாபாரியும் அல்ல. முதலில் போதகராக இருந்தார். பிறகு டாக்டர் ஆனார். அதன் பிறகு பல் டாக்டர். அவர் தயாரிக்க நினைத்தது போதை இல்லாத ஒயின்.

இன்று போதை இல்லாத ஒயின் உலகின் பல நாடுகளில் கடைகளில் கிடைக்கிறது. குடிப்பழக்கம் இல்லாதவர்கள், குடியை விட்டவர்கள், விருந்து முடிந்து கார் ஓட்ட வேண்டியவர்கள் என்று பலர் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். நாலு பேரோடு சேர்ந்து கிண்ணத்தை உயர்த்த வேண்டும். ஆனால் தலை சுற்றக் கூடாது. இந்த ஆசைக்கு 1869-ஆம் ஆண்டு ஒரு வீட்டுச் சமையலறையில் வழி கண்டவர் டாக்டர் தாமஸ் பிராம்வெல் வெல்ச். கண்டுபிடித்த பொருளால் அவர் பெயர் நிலைத்தது. ஆனால் அதனால் அவர் கையில் காசு நிற்கவில்லை.

இங்கிலாந்தில் பிறந்தவர்

வெல்ச் 1825-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இங்கிலாந்தில் சாமர்செட் மாவட்டத்தைச் சேர்ந்த கிளாஸ்டன்பரி என்ற ஊரில் பிறந்தார். 1834-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது. நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் உள்ள வாட்டர்டவுன் பகுதியில் அவர் வளர்ந்தார். அங்கிருந்து கனடா நாட்டு எல்லை அதிக தூரம் இல்லை. இந்த எல்லைதான் பிற்பாடு அவர் வாழ்க்கையில் ஒரு முக்கியமான வேலைக்குக் காரணமாக இருந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அப்போது நீக்ரோ மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி விற்றார்கள். மெதடிஸ்டு சபைக்குள்ளேயே இதுபற்றிப் பெரிய சண்டை நடந்தது. அடிமை முறையை உறுதியாக எதிர்த்தவர்கள் 1843-ல் பிரிந்து போய் வெஸ்லியன் மெதடிஸ்டு சபை என்று தனியாக அமைத்துக் கொண்டார்கள். இந்தச் சபை இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருந்தது. அடிமை வைத்திருப்பவனுக்குச் சபையில் இடம் இல்லை. குடிப்பவனுக்கும் இடம் இல்லை. வெல்ச் 17-வது வயதில் இந்தச் சபையில் சேர்ந்தார். இருபது வயது நிறையுமுன் போதகர் ஆகிவிட்டார்.

தண்டவாளம் இல்லாத ரயில்

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஒரு ரகசிய ரயில் ஓடியது. அதற்குத் தண்டவாளம் கிடையாது. என்ஜின் கிடையாது. தெற்கிலிருந்து தப்பி ஓடி வரும் அடிமைகளை இரவு நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கடத்தி, கடைசியில் கனடாவுக்குள் அனுப்பி வைக்கும் ஏற்பாட்டுக்குச் சுரங்க ரயில் என்று பெயர். மறைத்து வைக்கும் வீட்டுக்கு ஸ்டேஷன் என்று பெயர். வழிகாட்டிச் செல்பவருக்குக் கண்டக்டர் என்று பெயர். கனடா மண்ணில் கால் வைத்துவிட்டால் அந்த மனிதனை யாரும் தொட முடியாது.

வாலிப வயதில் இருந்த வெல்ச் இந்த வேலையில் பங்கு கொண்டார். இது விளையாட்டுக் காரியம் அல்ல. 1850-ஆம் ஆண்டின் சட்டப்படி, தப்பி வந்த அடிமைக்கு உதவி செய்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. சாதாரண மனிதனுக்கு அந்த அபராதம் பல ஆண்டுச் சம்பளம்.

மனச்சாட்சிக்குச் சரி என்று பட்டதை, நஷ்டம் வந்தாலும் செய்து பார்ப்பது வெல்ச்சின் சுபாவம். திராட்சை விஷயத்திலும் அதே சுபாவம்தான் வேலை செய்தது.

குரல் போயிற்று

போதகருக்குக் குரல்தான் மூலதனம். ஒலிபெருக்கி இல்லாத காலம். கோவிலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேச வேண்டும். சில ஆண்டுகளிலேயே வெல்ச்சின் குரல் கெட்டுப் போயிற்று. பிரசங்கம் செய்ய முடியவில்லை. வேறு பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று.

அவர் மருத்துவம் படித்தார். பிறகு பல் வைத்தியத்துக்கு மாறினார். அது பல் வைத்தியம் வளர்ந்து வந்த காலம். 1846-ல் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர்தான் ஈதர் மயக்க மருந்தின் பயனை உலகம் அறியச் செய்தார். வலி இல்லாமல் பல் பிடுங்கலாம் என்றதும் மக்கள் பல் டாக்டரிடம் துணிந்து வந்தார்கள்.

வெல்ச்சுக்கு மனைவி லூசி. குழந்தைகள் ஏழு பேர். பெரிய குடும்பம். 1856-ல் மேற்கே மினசோட்டா மாநிலத்துக்குப் போய் வினோனா என்ற ஊரில் தொழில் செய்தார். 1860-களின் பிற்பகுதியில் கிழக்கே திரும்பி, நியூஜெர்சி மாநிலத்தில் வைன்லேண்டு என்ற ஊரில் குடியேறினார். பிரசங்கம் போய்விட்டாலும் சபையை அவர் விடவில்லை. 1869-ல் வைன்லேண்டு மெதடிஸ்டு கோவிலில் திருவிருந்துக்கான பொருள்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது.

திராட்சை ஊர்

வைன்லேண்டு என்றால் திராட்சைக் கொடி நாடு என்று பொருள். சார்லஸ் லேண்டிஸ் என்பவர் 1861-ல் ரயில் பாதை ஓரத்தில் காட்டை வாங்கி உருவாக்கிய ஊர் அது. நிலம் வாங்குகிறவர் ஒரு வருஷத்துக்குள் வீடு கட்ட வேண்டும், காட்டைத் திருத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இன்னொரு ஏற்பாடும் செய்தார். ஊரில் மது விற்கக் கூடாது.

ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். ஊருக்குள் மதுக்கடை இல்லை. திராட்சையை ஒயின் ஆக்கி விற்க வழி இல்லாத இடத்தில் அது குவிந்து கிடந்தது. புளிக்காத ஒயின் பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அங்கே பயிரான திராட்சை கான்கார்டு என்ற ரகம். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரில் எப்ரெய்ம் புல் என்பவர் ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துப் பார்த்து, அவற்றிலிருந்து பொறுக்கி எடுத்த ரகம். 1853-ல் வெளியிட்டார். அமெரிக்கக் குளிரைத் தாங்கும், சீக்கிரம் பழுக்கும், தோல் கருநீலமாக இருக்கும், வாசனை தூக்கலாக இருக்கும். நாற்றை வாங்கியவர்கள் பெருக்கி விற்றுப் பணக்காரர் ஆனார்கள். புல் 1895-ல் ஏழையாகவே இறந்தார்.

திருவிருந்தில் வந்த சங்கடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் குடித்த குடி கொஞ்சநஞ்சம் அல்ல. 1830 வாக்கில் வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 7 காலன் சுத்தச் சாராயம் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சம்பளம் கடையில் போயிற்று. பெண்டு பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். குடியை ஒழிக்க 1826-ல் ஒரு பெரிய சங்கம் தொடங்கியது. 1851-ல் மெயின் மாநிலம் மது விலக்குச் சட்டமே கொண்டு வந்தது. இந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் மெதடிஸ்டுகள் முக்கியமானவர்கள்.

அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வாரம் முழுவதும் மதுவைத் தொடாதே என்று பிரசங்கம். திருவிருந்து நாளில் கோவிலுக்குள்ளேயே ஒயின் கிண்ணம். கிறிஸ்துவின் கடைசி இராப்போஜனத்தை நினைவு கூரும் சடங்கு அது. அப்பமும் ரசமும் இல்லாமல் நடக்காது.

மற்றவர்களுக்கு ஒரு மிடறு ஒன்றும் செய்யாது. குடியை விட்டுத் திருந்தி வந்தவனுக்கு அப்படி அல்ல. பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவனுக்கு அந்த ஒரு மிடறின் ருசி பழைய கதவைத் திறந்து விட்டுவிடும். அவன் கிண்ணத்தை வாங்கினால் ஆபத்து. வாங்காமல் விட்டால் எல்லோர் முன்னிலையிலும் அவன் குடிகாரன் என்று தெரிந்து போகும். தன்னைக் காப்பாற்றிய சபையில் அவன் ஒதுங்கி நிற்க வேண்டும்.

வெல்ச்சின் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் திருவிருந்து ஒயினைப் பருகிய பின் மறுபடி குடியில் விழுந்தார் என்றும், அதைப் பார்த்துத்தான் வெல்ச் இந்த வேலையில் இறங்கினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், திருந்த நினைக்கும் மனிதனும் மற்றவர்களோடு ஒரே கிண்ணத்தில் பருக வேண்டும் என்பதே அவருடைய எண்ணம்.

1864-லேயே மெதடிஸ்டுகளின் பெரிய மாநாடு, திருவிருந்தில் கலப்பில்லாத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்தும்படி யோசனை சொல்லியிருந்தது. சொல்வது சுலபம். திராட்சை வருஷத்தில் சில வாரங்களே பழுக்கும். திருவிருந்தோ வருஷம் முழுவதும் வரும். சிலர் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து ஒப்பேற்றினார்கள். ரசத்தைக் கெடாமல் வைத்துக் காப்பாற்ற யாருக்கும் வழி தெரியவில்லை.

சமையலறைச் சோதனை

திராட்சைத் தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் கிருமிகள் இருக்கின்றன. பழத்தைப் பிழிந்ததும் அவை சாற்றுக்குள் போய்ச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். சாறு நுரைக்கும், பொங்கும், ஒயின் ஆகும். ஆகவே சாறு சாறாகவே இருக்க வேண்டுமானால் அந்தக் கிருமிகளைத் தடுக்க வேண்டும்.

இந்த வித்தை நம் நாட்டில் பனையேறிகளுக்குத் தெரிந்ததுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். பனை ஒன்றுதான், பாளை ஒன்றுதான். பொங்க விட்டதா, விடவில்லையா என்பதே வித்தியாசம்.

திராட்சைக்கு வழி பிரான்சிலிருந்து வந்தது. லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி 1860-களில், ஒயின் கெடுவதற்குக் காரணம் நுண்கிருமிகள் என்று நிரூபித்தார். 50 முதல் 60 டிகிரி வரை அளவாகச் சூடுபடுத்தினால் அவை செத்துவிடும் என்றும் காட்டினார். பாஸ்டர் ஒயினைக் காப்பாற்றத்தான் அதைச் செய்தார். பாலுக்கு அந்த முறை வந்தது பிற்பாடு. வெல்ச் அதே முறையைத் திராட்சைச் சாறு ஒயின் ஆகாமல் தடுப்பதற்குப் பயன்படுத்தினார். பிரான்சு தேசத்தின் ஒயின் வியாபாரத்துக்கு உதவிய கண்டுபிடிப்பு, வைன்லேண்டில் ஒயினுக்கு எதிராகத் திரும்பியது.

1869-ஆம் ஆண்டு திராட்சைக் காலத்தில் ஒரு நாள், வெல்ச்சும் மனைவியும் 17 வயது மகன் சார்லசும் வீட்டுப் பந்தலிலிருந்து சுமார் 40 ராத்தல் திராட்சையைப் பறித்தார்கள். நம் கணக்கில் 18 கிலோ. சமையலறையில் சில நிமிடம் வேகவைத்தார்கள். துணிப் பையில் கட்டிப் பிழிந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பிடிக்கும் பாட்டில்கள் 12-ல் நிரப்பினார்கள். கார்க் அடைத்து மெழுகால் மூடினார்கள். பிறகு பாட்டில்களைக் கொதிநீரில் இறக்கி, உள்ளே எஞ்சிய கிருமிகளும் சாகும்படி சூடுபடுத்தினார்கள்.

அதன் பிறகு காத்திருந்தார்கள். சூடு போதாமல் போயிருந்தால் உள்ளே வாயு சேரும். கார்க் பறக்கும், அல்லது பாட்டில் வெடிக்கும். நாட்கள் போயின. வாரங்கள் போயின. ஒரு பாட்டிலும் வெடிக்கவில்லை. ரசம் புளிக்காமல் அப்படியே இருந்தது.

பல் டாக்டர் அதற்கு டாக்டர் வெல்ச்சின் புளிக்காத ஒயின் என்று பெயர் வைத்தார். சாராயம் இல்லாத பானம். ஆனாலும் ஒயின் என்ற சொல்லை அவர் விடவில்லை. கோவிலுக்கு வேண்டியது ஒயின் அல்லவா?

வாங்க ஆள் இல்லை

அக்கம்பக்கத்துச் சபைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குடி கூடாது என்று முழங்கிய சபைகளே தயங்கின. காலங்காலமாக நடந்து வந்த சடங்கை மாற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. கிறிஸ்து பருகியது புளித்த ஒயினா, புளிக்காத ரசமா என்று பண்டிதர்கள் வாதம் செய்தார்கள். வேதத்தில் புகழப்படும் ஒயின் வேறு, கண்டிக்கப்படும் ஒயின் வேறு என்றது ஒரு கட்சி. இரண்டும் ஒன்றே என்றது எதிர்க்கட்சி.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் ஒயினுக்குத் திராட்சரசம் என்ற சொல்லைப் போட்டார்கள். ரசம் என்றால் சாறு. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டிய விஷயம், தமிழ்ச் சொல்லில் சச்சரவு இல்லாமல் அடங்கிவிட்டது. புளித்ததையும் அப்படிச் சொல்லலாம், புளிக்காததையும் அப்படிச் சொல்லலாம்.

வெல்ச்சுக்கு அந்த வசதி இல்லை. ஒயின் என்றதும் மதுவை வெறுத்தவர்கள் முகம் சுளித்தார்கள். புளிக்காதது என்றதும் பழைமைவாதிகள் உதடு பிதுக்கினார்கள். இரண்டு பக்கமும் சரக்கு போகவில்லை.

நான்கு ஆண்டுகள் முயன்றார். பல் வைத்தியத்தில் வந்த பணம் திராட்சையில் போயிற்று. வீட்டார் கையும் ஓய்ந்தது; சிநேகிதர்கள் தயவும் தீர்ந்தது. 1873-ல் வியாபாரத்தை நிறுத்திவிட்டார். தொழிலில் அது முழுத் தோல்வி. கண்டுபிடிப்பில் ஒரு குறையும் இல்லை.

மகன் எடுத்துக் கொண்டான்

சார்லஸ் 1852-ல் பிறந்தவர். அவரும் பல் டாக்டர். சமையலறையில் திராட்சை பிழிந்த நாளை அவர் மறக்கவில்லை. 1875 வாக்கில் வியாபாரத்தை மறுபடியும் தொடங்கினார். பல் வைத்தியம் சோறு போடும் தொழில்; அதை விட்டுவிட்டுத் திராட்சையை நம்பக் கூடாது என்பது தந்தையின் எண்ணம். கையைச் சுட்டுக்கொண்டவருக்கு அப்படித்தானே தோன்றும்?

ஆனால் காலம் மாறிக் கொண்டிருந்தது. 1874-ல் கிறிஸ்தவப் பெண்களின் மதுவிலக்குச் சங்கம் தோன்றி, நாடு முழுவதும் கிளைகள் பரப்பியது. 1880-ல் மெதடிஸ்டு சபை, திருவிருந்தில் புளிக்காத ரசம் என்பதைத் தன் சட்டப் புத்தகத்திலேயே சேர்த்துக்கொண்டது. தந்தை பத்து வருஷம் முன்னதாக வந்துவிட்டார். மகனுக்குச் சரியான நேரம் வாய்த்தது.

மகனிடம் இன்னொரு திறமையும் இருந்தது. அவருக்கு விளம்பரம் செய்யத் தெரிந்தது. மதுவிலக்குப் பத்திரிகை நடத்தி அதில் தன் சரக்கைப் பற்றியும் எழுதினார். 1890-ல் பெயரையே மாற்றினார். புளிக்காத ஒயின் என்ற பெயர் போய், டாக்டர் வெல்ச்சின் திராட்சைச் சாறு என்ற பெயர் வந்தது. கோவிலுக்கு மட்டும் விற்ற பொருள் வீட்டுக்கும் கடைக்கும் போக வழி திறந்தது. 1893-ல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் அதை ருசி பார்த்தார்கள். சுவாமி விவேகானந்தர் சர்வமத மாநாட்டில் பேசி உலகப் புகழ் பெற்றாரே, அதே கண்காட்சிக் காலம்தான். அந்த ஆண்டு முதல் சார்லஸ் பல் வைத்தியத்தைக் கைவிட்டு முழு நேரமும் திராட்சைக்கே கொடுத்தார்.

வைன்லேண்டுத் திராட்சையில் அழுகல் நோய் வந்தது. அதனால் தொழிற்சாலை நியூயார்க் மாநிலத்துக்கு மாறியது. 1897-ல் ஈரி ஏரிக்கு அருகில் வெஸ்ட்ஃபீல்டு என்ற ஊரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. முதல் வருஷமே 300 டன் திராட்சையைப் பிழிந்தார்கள். 40 ராத்தலில் தொடங்கிய காரியம் 28 வருஷத்தில் இந்த அளவுக்கு வளர்ந்தது.

தந்தையின் கடைசிக் காலம்

திராட்சையை விட்டபின் வெல்ச் சும்மா இருக்கவில்லை. பல் ஓட்டையை அடைக்கும் உலோகக் கலவைகள் தயாரித்து விற்றார். பல் டாக்டர்களுக்குக் கருவிகள் விற்கும் வியாபாரம் தொடங்கினார். பல் டாக்டர்களுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்றாக இருப்பதைப் பார்த்து, உச்சரிப்புப்படியே எழுத ஒரு முறையும் வகுத்தார். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் அதை ஏற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திருத்த வேண்டும் என்று எது கண்ணில் பட்டாலும் கையை வைத்துவிடுவது அவர் பழக்கம்.

1903-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி பிலடெல்பியா நகரில் அவர் காலமானார். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் 78 வயது நிறைந்திருக்கும். தாம் கைவிட்ட சரக்கு மகன் கையில் தொழிற்சாலையாக ஓங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார்.

மந்திரி வைத்த விருந்து

வெல்ச் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய ரசம் அரசியலுக்குள் நுழைந்தது. 1913-ல் அமெரிக்க வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன். குடியைத் தொடாதவர். பிரிட்டிஷ் தூதர் ஜேம்ஸ் பிரைசுக்கு வைத்த விருந்தில் ஒயினுக்குப் பதில் வெல்ச் திராட்சைச் சாற்றைப் பரிமாறினார். பத்திரிகைகள் கேலிச் சித்திரம் போட்டுத் தள்ளின. பிரயன் கொள்கையை விடவில்லை. மறு ஆண்டு கடற்படை மந்திரி ஜோசபஸ் டேனியல்ஸ் போர்க் கப்பல்களில் மதுவுக்குத் தடை போட்டார். கேலி செய்தவர்கள் செய்த விளம்பரத்தில் சாறு நன்றாக விற்பனை ஆயிற்று.

சார்லஸ் 1916-ல் மதுவிலக்குக் கட்சி சார்பில் நியூயார்க் கவர்னர் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் கட்சி கேட்டது நடந்தது. 1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. வீட்டில் பழச்சாறு தயாரித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. கலிபோர்னியா திராட்சைக்காரர்கள் சாற்றைச் சுண்டவைத்துக் கட்டியாக்கி விற்றார்கள். தண்ணீரில் கரைத்தபின் இத்தனை நாள் அலமாரியில் வைக்க வேண்டாம், வைத்தால் ஒயின் ஆகிவிடும் என்று எச்சரிக்கையும் அச்சடித்தார்கள். எச்சரிக்கையே செய்முறை விளக்கம் ஆயிற்று! வெல்ச் சிரமப்பட்டுத் தடுத்ததை, ஜனங்கள் சிரமப்பட்டு நடத்திக்கொண்டார்கள். 1933-ல் மதுவிலக்கு ரத்தாயிற்று.

சட்டம் வந்து போயிற்று. வெல்ச்சின் ரசம் போகவில்லை. சார்லஸ் 1926-ல் இறந்தார். கம்பெனி கை மாறி, 1956-ல் திராட்சை பயிரிடும் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமாயிற்று.

ருசியும் மனசும்

வெல்ச் செய்தது புளிக்கவே விடாத ரசம். சர்க்கரை அப்படியே இருப்பதால் இனிப்பு அதிகம். ஒயினின் துவர்ப்பும் காரமும் அதில் இல்லை. இன்று போதை இல்லாத ஒயின் என்று விற்பதில் பெரும்பகுதி வேறு வழியில் செய்வது. முதலில் முழு ஒயின் ஆக்குகிறார்கள். பிறகு சாராயத்தை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள். சாராயம் 78 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஒயினின் மணம் போய்விடும். காற்றை வெளியேற்றிய பாத்திரத்தில் வைத்தால் கைச்சூட்டை ஒட்டிய வெப்பத்திலேயே சாராயம் பிரிந்துவிடும். ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருந்த கார்ல் யுங் என்ற ஒயின் வியாபாரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையைக் கண்டார். மனோதத்துவ நிபுணர் யுங் வேறு, இவர் வேறு. இப்படிச் செய்த ஒயினிலும் துளி சாராயம் தங்கும். அமெரிக்காவில் அது 0.5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் போதை இல்லாதது என்று சொல்லலாம்.

முறைகள் எத்தனை வந்தாலும் அவற்றைத் தேடுகிற மனசு ஒன்றுதான். விருந்தில் எல்லோர் கையிலும் கிண்ணம் இருக்கும்போது தன் கை மட்டும் வெறுமையாக இருப்பதை மனிதன் விரும்புவதில்லை. ஏன் குடிக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவும் விரும்புவதில்லை. குடியை விட்ட ஒருவருக்கு இந்தக் கிண்ணம் கேடயம் போல. அதே சமயம், ஒயினைப் போன்ற ருசியும் மணமும் பழைய ஆசையைக் கிளறிவிடும் ஆபத்தும் உண்டு. அதனால் குடியை விட்டவர்கள் இதையும் தொடாமல் இருப்பதே நல்லது என்று சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். வெல்ச் ஒயின் போன்ற ருசியைத் தேடாமல், சாறாகவே நிறுத்திக் கொண்டதில் இந்த நன்மையும் இருக்கிறது.

கம்பெனி, விளம்பரம், கண்காட்சி, மந்திரி விருந்து எல்லாம் மகன் காலத்துக் கதை. தந்தையின் கணக்கு அதைவிடச் சிறியது. ஒரு கோவில், ஒரு கிண்ணம், அதை வாங்கப் பயந்து நிற்கும் ஒரு மனிதன். அமெரிக்க மெதடிஸ்டு கோவில்களில் இன்றும் திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சைச் சாற்றையே கொடுக்கிறார்கள். குடியை விட்டு நேற்றுத்தான் வந்தவனும் பக்கத்தில் நிற்பவனைப் போலவே கை நீட்டி வாங்கலாம். நான்கு ஆண்டு நஷ்டப்பட்டு டாக்டர் வெல்ச் சம்பாதித்தது அதுதான்.